பென்டியம் 3 பெட்டி, அரைச் சுற்று ஓடி நின்றுவிடுகிறது. எடைக்குப் போடச் சொல்லாதீர்கள்

அச்சுக்கடைக்காரன்:

வணக்கம். கும்பகோணத்தில் சின்னதாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பிழைப்பு. கடையில் புது கம்ப்யூட்டர் இரண்டு ஓடுகின்றன. தொல்லை மூலையில் இருக்கும் கிழவரால். 2001-இல் வாங்கிய அசெம்பிள்டு பெட்டி. பென்டியம் 3, 128 எம்.பி. ராம், 20 ஜி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 98, பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர் 6.5.

நோய் ஆடி மாதம் ஆரம்பித்தது. காலையில் பொத்தானை அமுக்கினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். பத்து, பன்னிரண்டு தடவை அமுக்கினால் உயிர் வரும். வந்துவிட்டால் ராத்திரி கடை அடைக்கும்வரை ஒரு குறையும் இல்லை. சரி, அணைத்தால்தானே பிரச்சினை என்று ஒரு மாதம் அணைக்காமலே வைத்திருந்தேன். போன வாரம் கரண்ட் போனது. அதற்கப்புறம் முப்பது தடவை அமுக்கியும் எழுந்திருக்கவில்லை. பீப் சத்தமும் இல்லை. தேதி பல வருஷமாகவே தப்பாகத்தான் வரும். நானும் எஃப் 1 தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

ராமைக் கழற்றி, பையனின் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினேன். எல்லா கேபிளையும் பிடுங்கிச் செருகினேன். மெக்கானிக் ஒருவர் வந்து ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு, எடைக்குப் போடுங்க சார்" என்றார். அவரே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அந்த அவசரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏன் விடமாட்டேன் என்றால், இதில் இருக்கும் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேருக்கு டாங்கிள் என்ற சாவி உண்டு. பின்னால் பிரிண்டர் போர்ட்டில் மாட்டுவது. அது இல்லாவிட்டால் ஓர் எழுத்துகூட விழாது. விற்றவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. இருபது வருஷத்துப் பத்திரிகைகள் எல்லாம் இதில்தான். "அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே வேணும்" என்று வருகிறவர்களிடம் என்ன சொல்வது?

ஈயப்பற்று:

சார், முதலில் பொத்தானை அமுக்குவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் ஹார்டு டிஸ்குக்கு ஓர் அடி விழுகிறது. போர்டு போனால் இன்னொன்று தேடலாம், டிஸ்க் போனால் அக்கா கல்யாணம் போச்சு.

டிஸ்கைக் கழற்றி, ஐ.டி.இ. என்ற அதன் பழைய இணைப்பை யு.எஸ்.பி.-க்கு மாற்றும் அடாப்டரில் மாட்டுங்கள். தனியாக 12 வோல்ட் பவர் கொடுக்கிற அடாப்டராக வாங்குங்கள், பெரிய டிஸ்க் யு.எஸ்.பி. கரண்டில் மட்டும் சுற்றாது. டிஸ்கின் பின்னால் இருக்கும் ஜம்பர் என்ற குட்டிச் செருகி மாஸ்டரில் இருக்கட்டும். விண்டோஸ் 98 என்றால் டிஸ்க் ஃபேட் 32 என்ற முறையில்தான் அமைந்திருக்கும், புது கம்ப்யூட்டரிலேயே திறக்கும். ஆனால் ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்து நிறுத்தாதீர்கள். முழு டிஸ்கையும் அப்படியே இமேஜ், அதாவது அச்சு அசல் நகல், எடுத்துவிடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராம் அதற்குத்தான்.

நோய்க்கு வருவோம். குளிரில் எழாது, சூடேறினால் நாள் முழுக்க ஓடும் என்று நீங்கள் எழுதியதே பாதி விடை. அந்தக் காலத்துப் போர்டுகளில் பிராசஸர் பக்கத்தில் சின்ன டப்பா மாதிரி, கரண்டைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் வரிசையாக நிற்கும். 1999 முதல் ஏழெட்டு வருஷம் சந்தைக்கு வந்தவற்றில் நிறைய மோசமானவை. உள்ளே இருக்கும் திரவம் கெட்டு, வாயு உண்டாகி, தலை உப்பிவிடும். சூட்டில் கொஞ்சம் ஒழுங்காக வேலை செய்யும், ஆறினால் முரண்டு பிடிக்கும். தலையில் சிலுவை மாதிரி கீறல் இருக்கும், அது தட்டையாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மேகக்கணினி:

அண்ணா, தப்பாக நினைக்க வேண்டாம், இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? டிஸ்க் இமேஜை எடுத்து புது கம்ப்யூட்டருக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் என்ற பொய்க் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 98 ஓட்டுங்கள். டாங்கிளுக்கு யு.எஸ்.பி. டு பேரலல் (பிரிண்டர் போர்ட்) கேபிள் கிடைக்கிறது.

அச்சுக்கடைக்காரன்:

அந்த கேபிள் என்னிடமே ஒன்று இருக்கிறது தம்பி, போன வருஷம் வாங்கி ஏமாந்தது. பிரிண்டர் ஓடுகிறது, டாங்கிளைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது.

ஈயப்பற்று:

கண்டுகொள்ளாது. அந்த கேபிள் தன்னை ஒரு யு.எஸ்.பி. பிரிண்டராகத்தான் காட்டிக்கொள்ளும். பழைய டாங்கிள் சாஃப்ட்வேர் 378 என்ற முகவரியில் நிஜமான போர்ட் இருக்கிறதா என்று நேராகப் போய்த் தட்டும். அங்கே யாரும் இல்லை. இன்னொன்று, டாங்கிளை மாட்டுவதும் கழற்றுவதும் பெட்டி அணைந்திருக்கும்போது மட்டும். யு.எஸ்.பி. பழக்கத்தில் ஓடும்போதே பிடுங்கி, போர்ட்டையே கருக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பச்சைஒயர்:

கெப்பாசிட்டருக்குப் போகுமுன் பெட்டிக்குப் பவர் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.-ஐ ஒரு தடவை சோதித்துவிடுங்கள் அண்ணே. போர்டிலிருந்து 20 பின் கனெக்டரைக் கழற்றுங்கள். ஒரு பழைய சி.டி. டிரைவை மட்டும் மாட்டுங்கள், சுமையே இல்லாமல் அளந்தால் அளவு ஏமாற்றும். உங்கள் ஹார்டு டிஸ்கை இதற்கு மாட்டிவிடாதீர்கள். பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்தால் ஃபேன் ஓடும். மல்டிமீட்டரில் சிவப்பு ஒயர் 4.75-க்கும் 5.25 வோல்ட்டுக்கும் நடுவே, மஞ்சள் 11.4-க்கும் 12.6 வோல்ட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் கரண்டில் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

அது போயிருந்தால் புதுசு வாங்கும்போது வாட்ஸைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்தப் பென்டியம் 3 போர்டுகள் பெரும்பாலும் பிராசஸருக்கான பவரை 5 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கும். இப்போது வரும் எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் 12 வோல்ட்டில்தான் பலசாலி. ஸ்டிக்கரில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்.

அச்சுக்கடைக்காரன்:

இமேஜ் எடுத்தாகிவிட்டது. இரண்டு பென் டிரைவில் வைத்து ஒன்றை வீட்டு பீரோவில் பூட்டிவிட்டேன். சிவப்பு 5.02, மஞ்சள் 11.9. ஆக எஸ்.எம்.பி.எஸ். நிரபராதி.

டார்ச் அடித்தேன். பிராசஸர் பக்கத்தில் ஐந்து டப்பா, ஐந்துமே பூரி மாதிரி உப்பியிருந்தன. ஒன்றின் காலடியில் காபிக் கறை. இருபது வருஷம் இதன்மேல் தூசி தட்டியிருக்கிறேன், ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. மேலே 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்று இருக்கிறது. என்னிடம் 25 வாட் சால்டரிங் அயர்ன் உண்டு. நானே போடலாமா?

ஈயப்பற்று:

போடாதீர்கள். போர்டு பல அடுக்கு, உள்ளே இருக்கும் செம்புத் தகடு சூட்டையெல்லாம் குடித்துவிடும். 25 வாட்டில் ஈயம் உருகாது, நீங்கள் இழுப்பீர்கள், துளையின் உட்பூச்சும் சேர்ந்து வந்துவிடும். 60 வாட்டுக்குக் குறையாமல் வைத்திருக்கும், கை பழகிய ஆளிடம் கொடுங்கள். லோ இ.எஸ்.ஆர். (உள்தடை குறைந்தது), 105 டிகிரி (சூடு தாங்குவது) என்று கேட்டு வாங்குங்கள். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் 10 இருந்தாலும் பரவாயில்லை, தடிமன் மட்டும் இடத்தில் அடங்க வேண்டும். கழற்றுமுன் போட்டோ எடுங்கள். கோடு போட்ட பக்கம் மைனஸ். போர்டில் அச்சடித்த அடையாளத்தை மட்டும் நம்பி வைத்துவிடாதீர்கள், சில போர்டுகளில் அது நேர்மாறு.

அச்சுக்கடைக்காரன்:

எங்கள் தெருவில் டிவி, இன்வெர்ட்டர் பார்க்கும் பையன் போட்டுக்கொடுத்தான். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தேன், சரக்கு விலையைவிட கூரியர் செலவு அதிகம். கையோடு தேதியைக் காக்கும் 2032 பேட்டரியும் மாற்றினேன்.

முதல் அமுக்கிலேயே எழுந்தார்! சிமாஸ் செக்சம் எரர் என்று முணுமுணுத்தார், எஃப் 1 தட்டினேன், ஸ்கேன்டிஸ்க் ஓடியது, பேஜ்மேக்கர் திறந்தது. ஆனால் தமிழ் சாஃப்ட்வேர் 'டாங்கிள் இல்லை' என்கிறது. டாங்கிள் அதே இடத்தில்தான் இருக்கிறது. வயிற்றைக் கலக்குகிறது.

பச்சைஒயர்:

பேட்டரி மாற்றியதில் பயாஸ் (பெட்டியை எழுப்பும் அடிப்படைப் புரோகிராம்) அமைப்பெல்லாம் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். உள்ளே போய் பேரலல் போர்ட் மோடு என்ன என்று பாருங்கள். இ.சி.பி. என்ற வேக மோடு இருந்தால் நார்மல் அல்லது எஸ்.பி.பி. என்ற பழைய சாதா மோடு வையுங்கள். முகவரி 378.

அச்சுக்கடைக்காரன்:

இ.சி.பி.-தான் இருந்தது. நார்மல் வைத்தேன். 'அ' தட்டினேன், 'அ' விழுந்தது. கடைப் பையனுக்கு நான் ஏன் கைதட்டினேன் என்று புரியவில்லை.

மேகக்கணினி:

வாழ்த்துகள் அண்ணா. என் பங்குக்கு ஒன்று. பேஜ்மேக்கர் 6.5 ஃபைல்களை அதன் வாரிசான இன்டிசைன், சி.எஸ். 6 பதிப்பு வரை திறக்கும், அதற்கப்புறம் வந்த சி.சி. திறக்காது. அந்தப் பழைய ஃபான்ட்டுகளையும் காப்பி எடுத்துப் புது கம்ப்யூட்டரில் போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் மணமகள் பெயர் இருக்கும் இடத்தில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும்.

அச்சுக்கடைக்காரன்:

ஃபான்ட் ஃபோல்டரும் பீரோவுக்குப் போய்விட்டது தம்பி. அந்த மெக்கானிக் நேற்று கடைப் பக்கம் வந்தார், பெட்டி ஓடுவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விசிட்டிங் கார்டு அடிக்க எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போனார்.