கைடு ஓய்வு பெற்றுவிட்டார்: 22 வருடக் கிணற்று அளவுகள் யார் பொறுப்பு?

கிணற்றுத்தவளை:
வணக்கம். நிலத்தடி நீரில் பிஎச்டி செய்கிறேன், மூன்றாம் வருடம். என் கைடு மே மாதம் ஓய்வு பெற்றார். அவர் அறையில் ஒரு இரும்பு பீரோ. உள்ளே 1996 முதல் 2018 வரை காவிரி டெல்டாவில் 41 கிணறுகளில் மாதாமாதம் எடுத்த நீர்மட்டம், உப்புத்தன்மை அளவுகள். 31 நோட்டுகள், 9 ஃபிளாப்பி, ஒரு கட்டு சிடி. அடுத்த மாதம் அந்த அறை வேறொருவருக்குப் போகிறது.

அலுவலகத்தில் கேட்டால், "பீரோ எங்கள் கணக்கில் இருக்கிறது, உள்ளே இருப்பது இல்லை" என்கிறார்கள். நூலகத்தில், "ஆய்வேடுதான் சோத்கங்காவில் இருக்கிறதே" என்றார்கள் (இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்). இருக்கிறது, ஆனால் வருடச் சராசரி மட்டும். 1999 ஏப்ரலில் பத்தாம் நம்பர் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்பது நோட்டில்தான் இருக்கிறது. மறுபடி போய் அளக்கவும் முடியாது, அந்தக் கிணறே தூர்ந்துவிட்டது.

சாருக்கு போன் செய்தேன். "நீயே எடுத்துட்டுப் போப்பா" என்றார். நான் இருப்பதோ ஹாஸ்டல். இது பல்கலைக்கழகத்தின் பொறுப்பா, சாருடையதா, என்னுடையதா?

பழைய நூலகர்:
தம்பி, பல்கலைக்கழகத்தின் பொறுப்புதான். ஆனால் மனு எழுதிப் பதில் வருவதற்குள் நோட்டெல்லாம் காயலான் கடைக்குப் போய்விடும். நோட்டுகளை நூலகத்துக்கு அன்பளிப்பாகத் தருகிறேன் என்று சாரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அக்செஷன் நம்பர் (நூலகப் பதிவு எண்) விழுந்துவிட்டால், பதிவேட்டிலிருந்து நீக்க ஒரு கமிட்டி கூட வேண்டும். கமிட்டி லேசில் கூடாது, அதுதான் நமக்குப் பாதுகாப்பு.

யுஜிசி 2009இல் விதி போட்டதால் ஆய்வேடுகளாவது இணையத்துக்கு வந்தன. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் தரவுக்கு எங்கள் நூலகத்தில் யாரும் ஒரு பதிவேடு திறக்கவில்லை. நானும்தான்.

யார்க்ஷயர் குளிர்:
இங்கே பிரிட்டனில் அறிவியல், பொறியியல் ஆய்வுக்குப் பணம் தரும் ஈபிஎஸ்ஆர்சி, தரவைக் குறைந்தது 10 வருடம் காப்பாற்றும் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைக்கிறது, ஆய்வாளர் மேல் அல்ல. வெளியார் யாராவது கேட்டால், கடைசியாகக் கேட்ட நாளிலிருந்து அந்த 10 வருடம். எங்கள் நூலகத்தில் இதற்கென்றே ஒருவர் இருக்கிறார். சேர்ந்த முதல் வாரமே கூப்பிட்டு, கோப்புகளுக்கு என்ன பெயர் வைப்பாய் என்று கேட்டார். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

ஸ்கேன் செய்து, ஆய்வுத் தரவுக்கான இணையக் களஞ்சியமான ஜெனோடோவில் ஏற்றுங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்துவது, இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை, டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். நோட்டில் கிணற்றுக்காரர்கள் பெயர் இருந்தால் மறைத்துவிடுங்கள்.

சர்வர் ரூம்:
பல்கலைக்கழக கூகுள் டிரைவில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். கல்வி நிறுவனங்களுக்கு இருந்த அளவில்லா இடத்தை கூகுள் 2022இல் நிறுத்தியது. படிப்பு முடிந்தால் உங்கள் மெயில் கணக்கும் போகலாம். ஒரே இடத்தை நம்பக்கூடாது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பேக்கப் நிரலே தப்பாக ஓடி, சூப்பர் கம்ப்யூட்டரில் இருந்த சுமார் 77 டெராபைட்டை அழித்தது. வேலியே பயிரை மேய்ந்தது. பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் 4 குழுக்களின் தரவு திரும்பவே இல்லை.

ஃபிளாப்பிக்கு யூஎஸ்பி டிரைவ் கிடைக்கும். மூலையில் இருக்கும் சின்னக் கதவைத் தள்ளி, ஓட்டை தெரிகிற மாதிரி வைத்துவிட்டுச் சொருகுங்கள், அப்போது அதில் எதையும் எழுதவோ அழிக்கவோ முடியாது. ஃபிளாப்பியைப் படிக்க முடியாவிட்டால் விண்டோஸ் "ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்கும், தூக்கக் கலக்கத்தில் நீங்களும் சரி என்று அழுத்திவிடுவீர்கள்.

கிணற்றுத்தவளை:
மூவருக்கும் நன்றி. சார் கடிதம் தந்துவிட்டார், 11 நோட்டுகளுக்கு நம்பர் விழுந்தது. ஃபிளாப்பியில் 6 திறந்தன. எல்லாம் லோட்டஸ் என்ற பழைய விரிதாள் நிரலின் கோப்புகள், லிப்ரே ஆபிஸ் படித்துவிட்டது. ஆனால் நீர்மட்டப் பத்தியில் நிறைய 0. தண்ணீர் விளிம்பு வரை நின்றதா என்று சாரிடம் கேட்டேன். சிரித்தார். கிணறு வற்றினாலும் 0, அந்த மாதம் போகாவிட்டாலும் 0 என்று அடித்தாராம். நோட்டில் மட்டும் வற்றியதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

அதற்குள் நான்கு நோட்டுகளைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து முடித்திருந்தேன். இன்று மறுபடி முதல் நோட்டு.