சாய்ந்தது படகா, கேமராவா?

பாய்மரப் பித்தன்:
உப்புக்காற்று போட்ட கேட்டமரான் படத்துக்குக் கீழே ரசமட்டம் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கே பதில் சொன்னால் படம் போட்டவருக்குத் தொல்லை என்பதால் தனி இழை.

படம் பார்க்காதவர்களுக்காக: இரண்டு மிதவை கொண்ட சின்னப் பாய்மரப் படகு. வலப்பக்க மிதவை தண்ணீரை விட்டு நன்றாக எழும்பியிருக்கிறது. ஓட்டுபவர்களில் ஒருவர் அதன் விளிம்பில் கால் ஊன்றி, பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் தொங்கியபடி உடம்பை வெளியே சாய்த்திருக்கிறார். பின்னால் தூரத்தில் கரை. இதற்கு ரசமட்டம் கொடுத்த தீர்ப்பு: “மிதவை எழும்பவே இல்லை, கேமராவைச் சாய்த்து எழுப்பியிருக்கிறார்கள். பின்னால் இருக்கும் கோடு இடப்பக்கம் 3 டிகிரி இறங்குகிறது. தண்ணீர் எங்கேயாவது சரிந்து நிற்குமா?”

மிதவைக்கு அடியில் அந்தப் பக்கத்துத் தண்ணீர் தெரிகிறதே ஐயா, அதுவும் கேமராவைச் சாய்த்ததால் வந்ததா?

ரசமட்டம்:
என் பெயருக்கு ஒரு இழையே திறந்ததற்கு நன்றி. மிதவை எழும்பவில்லை என்றது ஒரு பேச்சுக்கு. எழும்பியது கொஞ்சம், காட்டியது அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோடு 3 டிகிரி சாய்ந்திருக்கிறது. மென்பொருளில் அளந்துதான் சொன்னேன். அதற்குப் பதில் உண்டா?

துடுப்பு:
உண்டு. அது தொடுவானம் இல்லை, கரை. கரை உங்களுக்கு நேர் குறுக்காக ஓடினால்தான் மட்டமாகத் தெரியும். ஒரு முனை கிட்டேயும் மறுமுனை தூரத்திலும் இருந்தால், கிட்டே இருக்கும் முனை படத்தில் கீழே இறங்கித்தான் தெரியும். இந்தப் படத்தில் இடப்பக்கக் கரைதான் கிட்டே இருக்கிறது. மரங்கள் அங்கே பெரிதாக இருப்பதைப் பாருங்கள். கேமராவைத் துல்லியமாக மட்டத்தில் பிடித்தாலும் அந்தக் கோடு சரியும். சரியாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ரசமட்டம்:
கரையோ கடலோ, நீர் விளிம்பு நீர் விளிம்புதான். கோடு கோடுதான்.

சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். படகில் உட்கார்ந்து எடுத்த படம் அது. கேமரா தண்ணீருக்கு மேலே 1 மீட்டர் இருக்கும். 200 மீட்டர் தள்ளி இருக்கும் கரை தொடுவானத்துக்குக் கீழே 0.29 டிகிரி, 1000 மீட்டர் தள்ளி இருப்பது 0.06 டிகிரி. வித்தியாசம் கால் டிகிரிகூட இல்லை. என் 3 டிகிரி எங்கே, உங்கள் கால் டிகிரி எங்கே?

துடுப்பு:
கணக்கைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். கால் டிகிரி என்பது இறக்கம். அது எவ்வளவு அகலத்துக்குள் நடக்கிறது என்பதை வைத்துத்தான் சரிவு வரும். ஃபுல் ஃப்ரேம் (36 மிமீ அகல சென்சார்) கேமராவில் 200 மிமீ லென்ஸ் அகலவாக்கில் பார்ப்பதே ஏறக்குறைய 10 டிகிரி. நீங்கள் சொன்ன அதே தூரங்கள், அதே 1 மீட்டர் என்றாலும் கோடு ஒன்றேகால் டிகிரிக்கு மேல் சரிகிறது. கேமரா 2.3 மீட்டரில் இருந்தால் 3 டிகிரி வந்துவிடும். படம் எடுக்கக் கூடவே ஓடும் துரத்துப் படகில் எழுந்து நின்றாலே அந்த உயரம் வரும். 6 மீட்டர் உயரப் படகுத்துறை என்றால் 8 டிகிரி. அப்போது என்ன சொல்வீர்கள், கடலே கவிழ்ந்தது என்றா?

ரசமட்டம்:
அவர் நிற்கவில்லை. உட்கார்ந்திருந்தார்.

பாய்மரப் பித்தன்:
நீங்கள் மடியிலா உட்கார்ந்திருந்தீர்கள்?

ரசமட்டம்:
இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. படமே சாட்சி சொல்கிறது. தொடுவானம் எந்தப் பொருளை எந்த உயரத்தில் வெட்டுகிறதோ, அதுதான் கேமரா இருந்த உயரம். இது எல்லாப் புகைப்படக்காரருக்கும் தெரிந்த பாடம். இங்கே கோடு, கம்பியில் தொங்குபவரின் கணுக்காலை வெட்டுகிறது. ஆகவே கேமரா தண்ணீரிலிருந்து 1 மீட்டரைத் தாண்டாது. ஆகவே உட்கார்ந்திருந்தார். ஆகவே கோடு சாய்ந்தது கேமரா சாய்ந்ததால்தான்.

பாய்மரப் பித்தன்:
அந்தக் கணுக்கால் எதன் மேல் இருக்கிறது? எழும்பாத மிதவையின் மேல்! எழும்பாமல் கணுக்கால் அவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போனது? அதோடு, கரையைத் தொடுவானம் என்று சொல்லக்கூடாது என்று துடுப்பு மூச்சு முட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்களுக்குத் தேவைப்படும்போது மட்டும் அது தொடுவானம் ஆகிவிடுகிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எஃப் எட்டு:
உட்கார்ந்தாரா நின்றாரா என்பதை விடுங்கள். பாயில் வானவில் மாதிரி திட்டுத் திட்டாக நிறம் ஓடுவதை யாரும் கவனிக்கவில்லையா? போலரைசர், அதாவது நீரின் பளபளப்பை அடக்கும் ஃபில்டர், மாட்டி எடுத்திருக்கிறார். பாலியெஸ்டர் ஃபிலிம் ஒட்டிய பாயிலும், பாயில் தைத்திருக்கும் பிளாஸ்டிக் ஜன்னலிலும் போலரைசர் இப்படித்தான் வேலையைக் காட்டும். எனக்கு அதுதான் கண்ணை உறுத்துகிறது.

மங்கல் லென்ஸ்:
உறுத்தட்டுமே. போலரைசர் இல்லாவிட்டால் நீர்ப்பரப்பு முழுக்க வெள்ளைப் பளபளப்பாக வெந்துபோயிருக்கும். தண்ணீருக்கு அந்தப் பச்சை நிறம் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்?

எஃப் எட்டு:
ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் (ஒரு ஸ்டாப் போனால் வெளிச்சம் பாதி) தின்கிற சாமான் அது. தெறிக்கும் துளியை உறையவைக்க 1/1000 நொடி ஷட்டர் வேண்டும் என்கிற இடத்தில் அதைக் கொண்டுபோய் மாட்டுவதா? அதுவும் படகு திரும்பும்போதெல்லாம் வெயில் வரும் கோணம் மாறும். ஒரு கையில் கைப்பிடி, ஒரு கையில் கேமரா, மூன்றாவது கையால் ஃபில்டரைத் திருகுவாரோ?

மங்கல் லென்ஸ்:
நடு வெயிலில் தண்ணீருக்கு மேல் இரண்டு ஸ்டாப் போனால் என்ன குடியா முழுகிவிடும்? கேமராவின் ஒளியுணர்வை, அதான் ஐஎஸ்ஓவை, கொஞ்சம் ஏற்றினால் போயிற்று. பொங்கல் போட்டியில் உங்கள் படகுப் படத்தில் பாய் முழுக்க வெளுத்து ஒரு மடிப்புகூடத் தெரியாமல் போனதே, அது போலரைசர் மாட்டாத அழகுதானே?

ரசமட்டம்:
ஃபில்டர் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் கேமராவுக்குள்ளேயே மட்டம் காட்டும் கோடு இருக்கிறது. அது பச்சையாகும் வரை பொறுத்து அழுத்தத் தெரியாதவர் படகை எடுக்கப் போகக்கூடாது. கோடு 3 டிகிரி. மறுபடியும் சொல்கிறேன், 3 டிகிரி.

துடுப்பு:
அந்தப் பச்சைக் கோட்டை நம்பி ஆடும் படகிலிருந்து எடுத்தால் எல்லாப் படமும் கோணலாகத்தான் வரும். அந்த உணரி புவியீர்ப்பை மட்டும் அளப்பதில்லை, படகு திரும்பும்போதும் அலையில் உதறும்போதும் வரும் இழுப்பையும் சேர்த்து அளக்கிறது. வளைந்து ஓடும் படகில் அதற்குக் ‘கீழே’ என்றால் உண்மையான கீழே இல்லை. பேருந்து வளைவில் திரும்பும்போது உங்கள் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். கருவியைச் சொல்கிறேன், உங்களை இல்லை.

மட்டம் தெரிய வேண்டுமென்றால் தண்ணீரில் விழும் பிரதிபலிப்பைப் பார்க்க வேண்டும். தண்ணீர் லேசாக நெளிந்தாலும், பிரதிபலிப்பு நீளுமே தவிரப் பக்கவாட்டில் நகராது. இடது ஓரத்தில் நங்கூரமிட்ட வெள்ளைப் படகின் பிரதிபலிப்பு நேர் கீழே விழுகிறது. ஒருவராவது பெரிதாக்கிப் பார்த்தீர்களா?

ரசமட்டம்:
மிதவையைத் தூக்கும் அளவுக்குக் காற்று அடித்தால் பிரதிபலிப்பு எங்கிருந்து வரும்? ஒன்று காற்று இருந்தது, இல்லையேல் பிரதிபலிப்பு இருந்தது. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

துடுப்பு:
கரையோர மறைப்பில் காற்று குறைவாக இருக்கும். இது தெரிய ஒரு நாள் தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று. மிதவையை இவ்வளவு தூக்கி ஓட்டுவதே நல்ல ஓட்டம் இல்லை. தண்ணீரை முத்தமிட்டும் முத்தமிடாமலும் போகும்போதுதான் வேகம். 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்த டொர்னாடோ ரகக் கேட்டமரான் படகுகளின் படங்களை எடுத்துப் பாருங்கள், கெட்டிக்காரர்கள் மிதவையை எவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

பாய்மரப் பித்தன்:
துடுப்பு, நீங்கள் யார் பக்கம்?

துடுப்பு:
உண்மையின் பக்கம். அது உங்களுக்கும் பிடிக்காது என்று தெரிந்துதான் சொன்னேன்.

உப்புக்காற்று:
எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நின்றேனா உட்கார்ந்தேனா என்பதை மட்டும் சொல்லப் போவதில்லை. போன போட்டியில் தோற்றதிலிருந்து ரசமட்டம் என் படங்களை எல்லாம் கோணமானி வைத்துப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

ரசமட்டம்:
சொல்ல மறுக்கிறார். குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருந்தார்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்பதால் படத்தை 3 டிகிரி திருப்பிச் சரிசெய்து இணைத்திருக்கிறேன். இப்போது பாருங்கள், எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

பாய்மரப் பித்தன்:
பார்த்தேன். பாய்மரத்தின் உச்சி போயிற்று. கம்பியில் தொங்குபவருக்குத் தலை இல்லை. மிதவை மட்டும் இன்னும் அந்தரத்திலேயே நிற்கிறது. கரையில் இருக்கும் கொடிக்கம்பமோ இதுவரை நேராக இருந்தது, இப்போது வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ரசமட்டம்:
கம்பத்தை நட்டவர் ஒழுங்காக நட்டிருக்கமாட்டார்.

துடுப்பு:
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பக்கத்துக் கட்டடமும் அதே அளவு சாய்ந்திருக்கிறதே, கொத்தனாரையும் கூப்பிடலாமா?

ரசமட்டம்:
கூப்பிடுங்கள். கட்டடம் சாயலாம், கம்பம் சாயலாம், நீர் சாயாது. தலை போனதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், ஹெல்மெட் போட்டிருந்ததால் எப்படியும் முகம் தெரியவில்லை.

எஃப் எட்டு:
அந்தப் போலரைசரின் ஓரத்தில் உப்புக் கறை மாதிரி ஒரு புள்ளி தெரிகிறது. சட்டை நுனியால் துடைத்திருப்பார். உப்புப் படிந்த கண்ணாடியை நல்ல தண்ணீரில் கழுவாமல் துடைத்தால் கீறல் விழும்.

மங்கல் லென்ஸ்:
அது புள்ளி இல்லை, பறவை.

எஃப் எட்டு:
பறவை என்றால் இறக்கை எங்கே?