எக்ஸ்பாக்ஸில் கோடி (Kodi) மீடியா பிளேயர் 22 சோதனைப் பதிப்பு ஏற மறுக்கிறது, உதவுங்கள்

படம்பிரியன்:
வணக்கம். சீரிஸ் எஸ் பெட்டியைப் புதிதாக டெவலப்பர் மோடுக்கு (ஸ்டோருக்கு வெளியே உள்ள செயலிகளையும் ஏற்றிச் சோதிக்கவிடும் நிலை) மாற்றியிருக்கிறேன். கோடி 22 பியர்ஸின் நைட்லி பில்டை, அதாவது தினமும் தானாக உருவாகும் சோதனைப் பதிப்பை, போட்டுப் பார்க்க ஆசை. டெவ் ஹோமில் (டெவலப்பர் மோடின் முகப்புத் திரை) டிவைஸ் போர்ட்டலை (கணினியிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வலைப்பக்கம்) ஆன் செய்து, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, கணினி பிரவுசரில் ஐபி முகவரியோடு 11443 போர்ட்டைச் சேர்த்துத் திறந்தேன். சான்றிதழ் எச்சரிக்கை வந்தது, தாண்டி உள்ளே போயாச்சு. ஆட் பட்டனை அழுத்தி கோடியின் எம்எஸ்ஐஎக்ஸ் கோப்பை (நிறுவல் பொதி) இழுத்துப் போட்டால் கோப்பு முழுவதும் ஏறுகிறது, கடைசியில் 80073சிஎஃப்3 என்று முடியும் பிழை எண் வந்து நின்றுவிடுகிறது. கோப்பைத் திரும்ப இறக்கிப் போட்டாலும் அதேதான். அந்த பில்டே கெட்டுப்போனதா?

இரவுக்குருவி:
பில்டைச் சந்தேகப்பட வேண்டாம். அந்த எண் வந்தால் கோடி இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம், விண்டோஸ் பொதியைச் சரிபார்க்கும் இடத்திலேயே தடுத்துவிட்டது. பெரும்பாலும் சார்புக் கோப்பு (டிபென்டன்சி, செயலி ஓடத் தேவைப்படும் வேறொரு பொதி) இல்லாததுதான் காரணம். ஸ்டோரிலிருந்து போட்டால் விசிலிப்ஸ் (மைக்ரோசாஃப்டின் சி++ நூலகப் பொதி) மாதிரியானவை தானாகவே வந்துவிடும், நாமே ஏற்றும்போது கையால் கொடுக்க வேண்டும். எம்எஸ்ஐஎக்ஸைப் போட்டதும் நேராக ஸ்டார்ட் அழுத்தாமல் நெக்ஸ்ட் கொடுங்கள். அடுத்த திரையில் டிபென்டன்சி கேட்கும் இடத்தில் விசிலிப்ஸ் 14.00 ஏபிபிஎக்ஸைச் சேர்த்து, அதற்கப்புறம் ஸ்டார்ட். இரண்டுமே எக்ஸ்64 பதிப்பாக இருக்க வேண்டும், எக்ஸ்86 அல்லது ஆர்ம் கோப்பு இந்தப் பெட்டிக்கு ஆகாது.

படம்பிரியன்:
ஏறிவிட்டது, ரொம்ப நன்றி! விசிலிப்ஸ்தான் இல்லாமல் இருந்திருக்கிறது. இப்போது கோடி திறக்கிறது, சின்னச் சின்ன கோப்புறைகள் நன்றாக ஓடுகின்றன. ஆனால் என் படத் தொகுப்பு பெரியது. போஸ்டர் சுவர் காட்சியில் வேகமாகக் கீழே உருட்டினால் படங்கள் பாதி வந்தும் வராமலும் நின்று, எந்த அறிவிப்பும் இல்லாமல் மூடிக்கொண்டு டெவ் ஹோமுக்கே திரும்பிவிடுகிறது.

திரைக்காவலன்:
முதலில் நினைவகத்தைப் பாருங்கள். யூடபிள்யூபி செயலி (எக்ஸ்பாக்ஸிலும் ஓடும் விண்டோஸ் செயலி வகை, கோடியும் அப்படித்தான்) 'ஆப்' என்ற வகையில் இருந்தால் முன்னால் ஓடும்போது அதற்கு 1 ஜிபிதான் அதிகபட்சம். 'கேம்' என்று வகையை மாற்றினால் 5 ஜிபி வரை கிடைக்கும். டெவ் ஹோமில் கோடியின் மேல் நின்று கன்ட்ரோலரில் வியூ பட்டனை அழுத்தி, வியூ டீடெய்ல்ஸுக்குள் போய் ஆப் என்பதை கேம் ஆக்குங்கள். கோடி ஓடிக்கொண்டிருந்தால் முழுக்க மூடிவிட்டுத் திறக்க வேண்டும். அப்படியும் மூடிக்கொண்டால் டிவைஸ் போர்ட்டலில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் வழியாக கோடியின் தரவுக் கோப்புறைக்குப் போய் கோடி.லாக் கோப்பை (கோடி செய்வதைப் பதியும் கோப்பு) எடுங்கள். டீபக் லாகிங்கை (விரிவான பதிவு) ஆன் செய்துவிட்டு ஒரு தடவை மூடிக்கொள்ள விட்டு எடுத்தால்தான் பயன்படும். மூடியபின் மறுபடி திறந்தீர்களானால் பழைய பதிவு கோடி.ஓல்ட்.லாக் என்ற பெயருக்கு மாறிவிடும், அப்போது அதைத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. இந்த மென்பொருள் பிறந்ததே முதல் எக்ஸ்பாக்ஸுக்காகத்தான், கோடி என்ற பெயர் 2014இல்தான் வந்தது. நடுவில் பல ஆண்டுகள் விலகியிருந்து 2017 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்குத் திரும்பியது. அதனால் இங்கே சோதித்து நல்ல லாக் கொடுப்பவர்கள் இருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

படம்பிரியன்:
கேம் ஆக்கியதும் போஸ்டர் சுவர் கடைசி வரை உருள்கிறது. கடைசியாக ஒரு சந்தேகம். 22 ஒத்துவரவில்லை என்றால் அப்படியே மேலேயே முந்தைய பதிப்பான 21 ஒமேகாவைப் போடலாமா?

இரவுக்குருவி:
முடியாது. உயர்ந்த பதிப்பின் மேல் தாழ்ந்ததைப் போட்டால் 80073டி06 என்று நிற்கும். முதலில் 22ஐ அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும், அதோடு யூசர்டேட்டாவும் போய்விடும், அதாவது நூலகம், ஆட்-ஆன் அமைப்புகள், பார்த்த படக் குறிகள் எல்லாம். பேக்கப் ஆட்-ஆனால் எடுத்து வைத்தாலும் 22 எழுதிய தரவுத்தளத்தை 21 படிக்காது, ஒமேகா தேடுவது மைவீடியோஸ்131 என்ற கோப்பையோ அதற்கு முந்தைய எண் கொண்டதையோதான். ஆகவே இன்றைக்கே செட்டிங்ஸில் மீடியா, லைப்ரரி, எக்ஸ்போர்ட் லைப்ரரி போய், தனித்தனிக் கோப்புகள் என்பதைத் தேர்ந்தெடுத்து ஏற்றுமதி செய்துவிடுங்கள். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதன் விவரங்கள் அடங்கிய என்எஃப்ஓ கோப்பு எழுதப்படும். அதை எந்தப் பதிப்பும் படிக்கும், பார்த்த விவரமும் அதிலேயே எழுதப்படும். படங்கள் இருக்கும் இடத்தில் கோடிக்கு எழுதும் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

படம்பிரியன்:
அனுமதி இருக்கிறது, ஏற்றுமதி ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் அடுத்த நைட்லியை ஏற்றிப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டால் லாக்கோடு வருகிறேன்.