முதல் மரதன்: 32 கிலோமீற்றர் ஓடாமல் போகலாமா?

வெள்ளவத்தைக்காரி:
இன்னும் 14 கிழமையில என்ர முதல் மரதன், 42 கிலோமீற்றர். வயது 38, வேலை, ரெண்டு பிள்ளைகள். கிழமைக்கு நாலு நாள், மொத்தம் 40 கிலோமீற்றர் ஓடுறன். ஞாயிறு நீண்ட ஓட்டம் இப்ப 18இல நிக்குது. ஒரு கிலோமீற்றருக்கு 8 நிமிஷம் பிடிக்கும். "பயிற்சியில ஒருக்கா 32 ஓடாமல் மரதனுக்குப் போகாத" எண்டு ஒரு அண்ணா சொல்லுறார். கூட ஓடுற அக்கா 3 மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம் எண்டுறா. ஆற்ற சொல்லைக் கேக்கிறது?

பழைய சப்பாத்து:
32 ஓடுங்கோ தங்கச்சி. என்ர முதல் மரதனுக்கு 24 ஓடின தைரியத்தில போனனான். 28 மட்டும் வடிவாப் போச்சு. 30 தாண்ட தொடை ரெண்டும் கல்லு மாதிரி. தசையில சேர்த்து வச்ச மாச்சத்து, கிளைக்கோஜன் எண்டுறது, தீர்ந்தா அப்பிடித்தான், மனசு சொன்னாலும் கால் கேளாது. மிச்சம் 12உம் நடை. வலியை விடப் பயம்தான் கூட, உடம்புக்கு என்ன நடக்குது எண்டே தெரியேல்ல. அடுத்த முறை 26, 29, 32 எண்டு ஏத்தினன். மூண்டு கிழமை ஏத்தினா நாலாவது கிழமை இறக்கினன். கடைசி 32 மரதனுக்கு மூண்டு கிழமைக்கு முந்தி. அந்த வருஷம் 35இலயும் ஓடிக்கொண்டுதான் இருந்தன்.

மெரின் டிரைவ்:
அண்ணா, உங்கட வேகம் 6 நிமிஷம் எண்டு முந்தி ஒருக்கா எழுதியிருந்தீங்கள். உங்களுக்கு 32 எண்டா 3 மணி 12 நிமிஷம். அவவுக்கு 4 மணி 16. காலுக்குக் கிலோமீற்றர் கணக்குத் தெரியாது, எவ்வளவு நேரம் அடி வாங்கினது எண்டுதான் தெரியும். விடிய 4க்கு இறங்கினாலும் முடிய 8.16. கொழும்பில 7 மணிக்கே வேர்வை காயாது, ஈரப்பதன் அப்பிடி. வேர்வை காய்ஞ்சால்தான் உடம்பு குளிரும்.

இன்னொண்டு. கிழமைக்கு 40 ஓடுறவ ஒரே நாளில 32 ஓடினா, அஞ்சில நாலு பங்கு அந்த ஒரு நாளில. அடுத்த மூண்டு நாள் படி இறங்கேலாது. 3 மணித்தியாலம், அதாவது 22 கிலோமீற்றர், காணும். அமெரிக்காவில ஹான்சன்ஸ் எண்ட மரதன் பயிற்சித் திட்டமே நீண்ட ஓட்டத்தை 26ஓட நிப்பாட்டுது.

பழைய சப்பாத்து:
ஹான்சன்ஸைக் கொண்டு வந்தா முழுசாக் கொண்டு வாங்கோ தம்பி. அது கிழமைக்கு ஆறு நாள் ஓட வைக்கிற திட்டம். முதல் நாள் ஓட்டத்தின்ர களைப்போட அடுத்த நாளும் ஓடுறதாலதான் 26 காணுது. நாலு நாள் ஓடுற ஆள் அந்த 26ஐ மட்டும் எடுக்கேலாது.

மற்றப் பக்கம் ஜெஃப் கலோவேயின்ர முறை இருக்கு. 1972 ஒலிம்பிக்கில 10,000 மீற்றர் ஓடினவர். ஓட்டமும் நடையுமா, நல்லா ஆறுதலா, மரதன் தூரம் வரைக்கும் பயிற்சியிலயே போகச் சொன்னவர். அவர் நினைச்சது இவவைப் போல ஆக்களைத்தான்.

மெரின் டிரைவ்:
ஆறு நாள் கதை சரி, நான் அதைச் சொல்லாமல் விட்டது பிழை. ஆனா நேரத்தை விடமாட்டன். எனக்கு நடந்ததைச் சொல்லுறன். போன வருஷம் 30 ஓடப் போனன், நாலு மணித்தியாலத்துக்கு மேல. தாகம் இல்லாட்டியும் சந்திக்குச் சந்தி வெறும் தண்ணி. கொள்ளுப்பிட்டிக்கு வரேக்க விரல் வீங்கி மோதிரம் இறுகினது, தலை சுத்தினது. வீட்ட வந்து நிறுத்துப் பார்த்தா, போகேக்க இருந்ததை விட ஒரு கிலோ கூட! அவ்வளவு வேர்த்தும் கூட. குடிச்ச தண்ணி இரத்தத்தில இருக்கிற சோடியத்தை, அதாவது உப்பை, ஐதாக்கியிருக்கும். 2002இல பொஸ்டன் மரதன் ஓடின 488 பேரின்ர இரத்தத்தைச் சோதிச்சதில 13 வீதமானவைக்குச் சோடியம் குறைவு. கனக்கக் குடிச்சு நிறை கூடினவையும், நாலு மணித்தியாலத்துக்கு மேல ஓடினவையும்தான் அதில கூட மாட்டினது. மெதுவா ஓடுற ஆளைக் கனநேரம் வெளியில விடுறது சும்மா விஷயமில்ல.

பம்பலப்பிட்டி அக்கா:
ரெண்டு பேரும் ஒண்டைச் சொல்லேல்ல. விடிய 4க்கு ஒரு பொம்பிளை தனிய மெரின் டிரைவ் றோட்டில ஓடுறதோ? ஒரு பக்கம் தண்டவாளம், மற்றப் பக்கம் பூட்டின கடையள், நாய். நான் 5க்கு முந்தித் தனிய இறங்கிறதில்ல. துணை இல்லாத நாள் சுதந்திர சதுக்கத்துக்குப் போய்ச் சுத்துவன், அங்க வேளைக்கே ஆக்கள் நடப்பினம். 5க்குத் தொடங்கினா 3 மணித்தியாலத்தில 8 மணி, அதுக்கு மேல வெயில் விடாது. எனக்கு அளவை வச்சது புத்தகமில்ல, இந்த ஊர்.

சப்பாத்தையும் கவனி தங்கச்சி. ரெண்டு மணித்தியாலம் தாண்ட வேர்வை கால் வழிய இறங்கிச் சப்பாத்துக்குள்ள சளக் சளக் எண்டும். பருத்திக் காலுறை போட்டா அந்த இடத்திலதான் கொப்புளம். நான் இடுப்புப் பையில இன்னொரு சோடி காலுறை கொண்டு போய், காலிமுகத்திடல் கட்டில இருந்து மாத்துவன். ரெண்டு நிமிஷம் போகும், போகட்டும்.

பழைய சப்பாத்து:
துணை விஷயம் எனக்கு ஓடேல்ல. ஆம்பிளை எண்டதால நான் அதை யோசிக்க வேண்டி வரேல்ல, உண்மை.

ஆனா 22ஓட நிக்க மனம் ஒப்பேல்ல. அவவுக்கு மரதன் அஞ்சரை மணித்தியாலத்துக்கு மேல. மூண்டோட நிப்பாட்டினா மிச்சம் ரெண்டரை மணித்தியாலமும் தெரியாத நாடு. ஒருக்கா, ஒரே ஒருக்கா, 28க்காவது போகட்டும்.

மெரின் டிரைவ்:
28 எண்டா 3 மணி 44. போயா நாளில, பௌர்ணமி லீவில, வாகனம் குறைவா இருக்கேக்க, நாலு நிமிஷம் ஓட்டம் ஒரு நிமிஷம் நடை எண்டா, ஒருக்காவுக்கு ஒத்துக்கொள்ளுறன். அதுக்கு முதல் 20, 22, 24 நோவில்லாமல் முடிச்சிருக்க வேணும். முழங்கால் சுள் எண்டா அந்த இடத்திலயே விட்டிட்டுக் காலி வீதிக்கு ஏறி 100ஆம் நம்பர் பஸ்ஸில வீட்ட வாறது. பஸ் காசு சப்பாத்துக்குள்ள இருக்கோணும். தாகத்துக்கு மட்டும் குடி, ஒரு போத்தலில ஜீவனி, அந்த உப்புச் சீனித் தூள், கரைச்சுக்கொள்.

பழைய சப்பாத்து:
32ஐ நான் கைவிடேல்ல, அடுத்த வருஷத்துக்கு வச்சிருக்கிறன்.

வெள்ளவத்தைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. இந்த ஞாயிறு 20, 5 மணிக்கு. அக்கா, நீங்கள் வருவீங்களோ?

பம்பலப்பிட்டி அக்கா:
வாறன். புகையிரத நிலையத்தடியில நில்லு, தனியத் தொடங்காத. 28 நாளுக்கு என்ர மகன் சைக்கிளில போத்தலும் காலுறையும் கொண்டு பின்னால வருவான், கேட்டிட்டன்.