கூர்ப்பு பாடம்: பெற்றோரிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். இந்தத் தவணை கூர்ப்பு (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு, பரிணாமம்).

முதல் நாளே ஒரு மாணவி, "டீச்சர், எங்கட சபையில இது பாவம் என்கிறாங்க. சோதனைக்கு மட்டும் எழுதினா போதுமா?" என்று கேட்டாள். மறுநாள் அப்பா வந்தார், அரைப்பேர் (தோட்டத்தில் அரைநாள் சம்பளம்) போனாலும் பரவாயில்லை என்று. கோபப்படவில்லை. "குரங்கிலயிருந்து வந்தோம்னு மட்டும் சொல்லாதீங்க டீச்சர்" என்றார். இப்போது இருக்கும் குரங்கிலிருந்து வந்தோம் என்று டார்வினும் சொல்லவில்லை, நமக்கும் குரங்குக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்பதுதான் விஷயம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். நம்பியதாகத் தெரியவில்லை.

பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1996இல் கூர்ப்பை வெறும் கருதுகோளுக்கு மேலானது என்று ஏற்றதைச் சொல்லலாம்தான். ஆனால் இவர்கள் கத்தோலிக்கர் இல்லையே. சக ஆசிரியர் ஒருவரோ தசாவதாரமே கூர்ப்பு என்கிறார். மீன், ஆமை, பன்றி என்ற வரிசை அழகுதான், ஆனால் அதில் இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்தியவை தப்பிப் பிழைத்துப் பெருகுவது) எங்கே?

எனக்குப் பிடித்த உதாரணம் நம் மலையின் கொம்பு ஓணான்கள். நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் இருப்பதற்கு மூக்கில் முள் போன்ற கொம்பு, நக்கிள்ஸ் மலையில் இருப்பதற்கு இலை போன்றது. ஒரே பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்), வேறு வேறு மலை. இதைக் காட்டினால் பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்பார்கள்.

நீங்களே எடுத்த படங்கள் இருந்தால் அனுப்புங்களேன். அப்புறம், இப்படியொரு அப்பாவிடம் பேசிய அனுபவம் உள்ளவர்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த கிழமை அவர் திரும்பவும் வருகிறார்.