எலுமிச்சைத் தளிரில் வெள்ளிக் கோடுகள்: கிள்ளிவிடலாமா?

மாடித்தோட்டம்_மதுரை:
தொட்டியில் உள்ள எலுமிச்சைக் கன்று மழைக்குப் பிறகு நன்றாகத் துளிர்விட்டது. இப்போது தளிர் முழுக்கப் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளிக் கோடுகள். இலை ஓரமும் சுருள்கிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. அந்த இலைகளைக் கிள்ளிப் போட்டுவிடலாமா?

லென்ஸ்_அக்கா:
தயவுசெய்து கிள்ளாதீர்கள். இது எலுமிச்சை இலைத் துளைப்பான், ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்ற அந்துப்பூச்சி. உடல் நீளமே 2 மில்லிமீட்டர்தான். இரவில் வந்து தளிரின் அடிப்பக்கம் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும், நம் கண்ணில் எங்கே படப்போகிறது?

ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்து லென்ஸில் பாருங்கள். கோட்டின் நடுவே ஓடும் கரிய இழை புழுவின் எச்சம். கோடு அகலமாகி முடியும் இடத்தில் இளமஞ்சள் புழு இருக்கும். மேல்தோலின் சாறு மட்டும்தான் அதற்கு உணவு. அடியில் பச்சை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, இலை இன்னும் செடிக்கு உழைக்கிறது. அதனால்தான் கிள்ள வேண்டாம் என்கிறேன்.

கடைசிப் பருவத்தில் புழு எதுவும் தின்னாது. பட்டிழை நூற்று இலை ஓரத்தைத் தன்மேல் மடித்து, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகிவிடும். நீங்கள் பார்க்கும் சுருள் அதுதான். நல்ல வெயில் காலத்தில் இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்து அடுத்த அந்து பறந்துவிடும்.

புளியங்குடி_தோப்பு:
அக்கா சொல்வது சரி. ஆனால் பாக்டீரியாவால் வரும் சொறி நோயையும் கவனியுங்கள் தம்பி. புழு கீறிய இடத்தில் மழைத்தண்ணீர் பட்டால் அந்த பாக்டீரியா சுலபமாக நுழையும். காய்க்கிற மரம் தாங்கும், கன்று தாங்காது. யூரியாவைக் குறையுங்கள். ஓயாமல் துளிர்த்தால் பூச்சிக்கும் ஓயாமல் சாப்பாடு.

மாடித்தோட்டம்_மதுரை:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. கடையில் ஒரு மருந்து தருகிறார்கள், அடிக்கலாமா?

லென்ஸ்_அக்கா:
வேண்டாம். மேலே தெளிக்கும் விஷம் பலவும் தோலுக்கடியில் இருக்கும் புழுவை எட்டாது, அதைத் தேடி வந்து அதற்குள் முட்டை வைத்து அழிக்கும் குளவியைத்தான் கொல்லும். 1993இல் இந்த அந்து ஃப்ளோரிடாவுக்குள் புகுந்தபோது, மறு வருடமே அஜெனியாஸ்பிஸ் சிட்ரிகோலா என்ற குளவியை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். அது வைக்கும் ஒரே முட்டை பல கருவாகப் பிரிந்து, ஒரு புழுவிலிருந்து பல குளவிகள் வெளிவரும்! நம் ஊரிலும் இப்படிப்பட்ட குளவிகள் உண்டு.

அடுத்த துளிர் எட்டிப்பார்க்கும்போதே வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். இலை முற்றிவிட்டால் அந்து அதைத் தொடாது.