உடன்குடிப் பக்கம் ஒரு விடிலியில்

2024 ஏப்ரலில் நானும் என் மனைவியும் திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் புறப்பட்டோம். 44-ஆம் எண் நாற்கரச் சாலையில் சென்றிருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் சேர்ந்திருப்போம். நாங்கள் நாசரேத், உடன்குடி, திசையன்விளை என்று ஊர்வழியே சென்றதால் பகல் முழுவதும் பயணத்திலேயே கழிந்தது; அதில் எங்களுக்குச் சிறிதும் வருத்தமில்லை.

உடன்குடியை நெருங்கியபோது, சிவந்த தேரி மணலை ஒட்டிய பனை விளை ஒன்றில், பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையான விடிலியிலிருந்து புகை எழுவதைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். “வெயில்ல ஏன் நிக்கீங்க, உள்ள வாங்க” என்று அழைத்த அம்மா, முதலில் ஓலைப் பட்டையில் ஆளுக்குக் கொஞ்சம் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். அங்கே அதைப் பயினி என்கிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் இனிப்பாகவே இறங்குகிறது.

அவர் கணவர் காலையில் இறக்கிய பயினி, தாச்சி என்னும் அகன்ற பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. பொங்கி வழியப்போகும் நேரத்தில் அந்த அம்மா இடித்த ஆமணக்கு முத்தை ஒரு சிட்டிகை தூவினார். நுரை உடனே அடங்கியது. பாகு கெட்டியானதும் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டி, அது உருண்டு நின்ற பிறகே தாச்சியை இறக்கி, துடுப்பால் கிண்டி, வரிசையாக வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார். கடையில் அரை வட்டமாக வாங்கும் கருப்பட்டிக்கு அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதை, இத்தனை ஆண்டுகள் கருப்பட்டிக் காப்பி குடித்த நான் அன்றுதான் நேரில் கண்டேன்.

பாளையைக் காலையும் மாலையும் சீவியே ஆக வேண்டும் என்றும், சீவாமல் விட்டால் ஊறுவது குறைந்துவிடும் என்றும், ஆகவே பருவம் தொடங்கினால் முடியும்வரை ஒருநாள்கூட வெளியூர் போக முடியாது என்றும் அவர் விளக்கினார். “எங்க மக கல்யாணத்தையே ஆவணிக்குத்தான் வச்சோம்” என்று அவர் சொன்னபோது என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று ஊற்றிய கருப்பட்டியையே கேட்டேன். அவர் தர மறுத்துவிட்டார். “இப்ப கொண்டு போனா வழியிலேயே இளகிரும், இது பொகையில கெடக்கட்டும்” என்று சொல்லி, அடுப்புக்கு மேலிருந்த பரணிலிருந்து முந்தைய வாரத்துக் கருப்பட்டியை எடுத்து ஓலைப் பெட்டியில் அடுக்கித் தந்தார்.